பற்று யார் கணக்கில்?

‘கிறித்தவக் கம்பர் என்று அழைக்கப்படுபவர் யார்?’

தமிழ்நாட்டில் தமிழ்ப் பாடம் எழுதித் தேறிய பெரும்பாலோர் இந்தக் கேள்வியைத் தாண்டித்தான் வந்திருப்பீர்கள். ஒரு மார்க். விடை: எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை. அடுத்தது, அவர் இயற்றிய காப்பியம் யாது? இரட்சணிய யாத்திரிகம். இன்னொரு மார்க். அத்தோடு அவருக்கும் நமக்கும் உள்ள கொடுக்கல் வாங்கல் தீர்ந்தது. ஐந்து பருவங்கள், மூவாயிரத்து எழுநூற்றுக்கும் மேற்பட்ட பாடல்கள். அதில் நாம் படித்தது நாலோ ஐந்தோ, அதுவும் அருஞ்சொற்பொருளோடு.

அந்த மனிதர் ஏன் கிறித்தவர் ஆனார், எப்போது ஆனார், ஆன அன்று வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்று எந்த வாத்தியாரும் கேட்டதில்லை. மார்க் கிடையாதே.

நான் சொல்கிறேன். 1858ஆம் வருஷம் ஏப்ரல் 18ஆம் தேதி. இடம், நம்ம மயிலாப்பூர். தூய தோமா ஆலயம். உடனே சாந்தோமில் கோபுரம் வைத்து வெள்ளை வெளேரென்று நிற்கிறதே, அந்தப் பேராலயம் என்று நினைத்துவிடாதீர்கள். அது கத்தோலிக்கர்களுடையது. இன்றைய கட்டடம் எழும்பியதும் 1890களில்தான். கிருஷ்ணபிள்ளை சேர்ந்தது ஆங்கிலிகன் சபை. ஆழ்வார்பேட்டை சிக்னலில் ஆட்டோ பிடித்தால் லஸ், கச்சேரி ரோடு, சாந்தோம் என்று கால் மணி நேரத்தில் போய்விடக்கூடிய தூரத்தில் நடந்த கதை. ஆட்டோக்காரர் கேட்கிற தொகையை ஒப்புக்கொள்ள இன்னொரு கால் மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிறந்தது 1827 ஏப்ரல் 23. ஆக, ஞானஸ்நானம் எடுத்தபோது முப்பத்தோரு வயது முடிய ஐந்து நாள் பாக்கி. திருநெல்வேலிப் பக்கம் கரையிருப்பு என்கிற ஊர். வேளாளர் குலம், வைணவக் குடும்பம். ஆழ்வார் பாசுரமும் கம்பனும் காதில் ஊற வளர்ந்தவர். சாயர்புரத்தில் மிஷன் பள்ளியில் தமிழ் வாத்தியார். பாடம் சொல்லிக் கொடுக்கப் போன இடத்தில் பைபிளும் பனியனும் கையில் கிடைத்தன. பனியன் என்றால் உடம்பில் போடுகிற பனியன் இல்லை. ஜான் பனியன். இங்கிலாந்துக்காரர். ‘மோட்சப் பிரயாணம்’ என்று தமிழில் நாம் சொல்கிற புத்தகத்தை எழுதியவர்.

திருநெல்வேலிக்கு ரயில் வந்தது 1876ல். அதாவது இந்த ஞானஸ்நானத்துக்குப் பதினெட்டு வருஷம் கழித்து. மனைவி, அம்மா, சொந்த பந்தம் எல்லாம் அங்கே. மாட்டு வண்டியில் வாரக்கணக்கில் பயணம் செய்யவேண்டிய தூரத்தில், கடலோரமாக ஒரு கோயிலில், இந்த மனிதர் தனியாக ஒரு முடிவு எடுக்கிறார். ஊரிலேயே செய்திருந்தால் என்ன ரகளை நடந்திருக்கும் என்று நீங்களே யூகித்துக்கொள்ளலாம்.

எனக்கு இந்தக் காட்சியில்தான் ஆர்வம். மூவாயிரத்து எழுநூறு பாட்டைவிட இதில்தான்.

காரணம், நான் பி.காம். படித்தவன். தமிழ் இலக்கியம் படித்திருந்தால் வேறு மாதிரி பார்த்திருப்பேனோ என்னவோ. பி.காம்.காரனுக்கு முதல் வருஷமே மண்டையில் ஏற்றிவிடுகிற விஷயம் ஒன்று: இரட்டைப் பதிவு. ஒரு இடத்தில் வரவு எழுதினால் இன்னொரு இடத்தில் பற்று எழுதியே தீரவேண்டும். ‘அன்று நான் இரட்சிக்கப்பட்டேன்’ என்று ஒருவர் எழுதும்போது என் கண் தானாக அடுத்த பக்கத்துக்குப் போகிறது. பற்று யார் கணக்கில் எழுதியிருக்கிறார்கள்?

*

பனியனின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அழியப்போகும் ஊர் ஒன்று. அதில் ஒருவன். முதுகில் இறக்கி வைக்க முடியாத மூட்டை, கையில் புத்தகம். ஊர் அழியப்போகிறது என்று படித்துத் தெரிந்துகொள்கிறான். பெண்டாட்டி பிள்ளைகளிடம் சொல்கிறான். பைத்தியம் பிடித்துவிட்டது, தூங்கினால் சரியாகிவிடும் என்று நினைக்கிறார்கள். சரியாகவில்லை. ஒரு நாள் ஓடத் தொடங்குகிறான். பின்னால் மனைவியும் குழந்தைகளும் திரும்பி வா என்று கத்துகிறார்கள். அவன் என்ன செய்கிறான்? இரண்டு காதிலும் விரலை விட்டுக்கொண்டு, ஜீவன் ஜீவன் என்று அலறிக்கொண்டே ஓடுகிறான்.

உலகத்திலேயே பைபிளுக்கு அடுத்தபடியாக அதிகம் அச்சான புத்தகங்களில் ஒன்று என்று இதைச் சொல்வார்கள். அதன் முதல் காட்சி இது. யோசித்துப் பாருங்கள். காதில் விரல்.

புத்தரும் இரவோடு இரவாகக் கிளம்பியவர்தான். பட்டினத்தாரும் கட்டிய மனைவியை விட்டு வந்தவர்தான். நம்ம ஊரில் துறவிகளுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் நம் கதைகளில் தூங்குகிற மனைவியை, நள்ளிரவில், சத்தமில்லாமல் விட்டுப் போவார்கள். பனியனிடம் அந்தச் சௌகரியம் இல்லை. அவர் அழுகைச் சத்தத்தை எழுதினார். அது காதில் விழக்கூடாது என்று விரலையும் எழுதினார். கூச்சமில்லாத எழுத்து.

இதை எழுதியவர் பண்டிதர் இல்லை. ஓட்டைப் பாத்திரம் அடைக்கிற தொழில். அரசாங்கம் அனுமதிக்காத முறையில் பிரசங்கம் செய்தார் என்று 1660ல் பிடித்து பெட்ஃபோர்ட் சிறையில் போட்டார்கள். ‘இனிமேல் பிரசங்கம் செய்யமாட்டேன்’ என்று ஒரு வாக்குக் கொடுத்தால் வீட்டுக்குப் போகலாம். கொடுக்கவில்லை. பன்னிரண்டு வருஷம்! வீட்டில் முதல் தாரத்துக்குப் பிறந்த நான்கு பிள்ளைகள், மூத்த பெண்ணுக்குக் கண் தெரியாது. இரண்டாவது மனைவி எலிசபெத் 1661ல் நீதிபதிகள் முன்னால் போய் நின்று வாதாடினாள். ஊரார் தர்மத்தில்தான் சாப்பிடுகிறோம் என்று சொன்னாள். ஒரு நீதிபதி இரக்கப்பட்டார், இன்னொருவர் எரிந்து விழுந்தார். காரியம் நடக்கவில்லை. பனியன் சிறையில் உட்கார்ந்து ஷூ கயிறு தயாரித்து விற்று வீட்டுக்குப் பணம் அனுப்பினார்.

ஆக, காதில் விரலை விட்டுக்கொண்டால் என்ன ஆகும் என்று எழுதியவருக்கு நன்றாகவே தெரியும். முதல் பாகம் 1678ல் வந்தது. ஆறு வருஷம் கழித்து, 1684ல், இரண்டாம் பாகம் எழுதினார். அதில் கதாநாயகி, விட்டுவிட்டுப் போன அந்த மனைவி. பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு அதே பாதையில் அவளும் கிளம்புகிறாள். புருஷன் தனியாக விழுந்து எழுந்து போன இடங்களை, இவள் குழந்தை குட்டிகளோடு, சாப்பாடு தூக்கம் எல்லாம் பார்த்துக்கொண்டு கடக்கிறாள். முதல் பாகத்தின் வேகம் இதில் இல்லை என்று விமர்சகர்கள் சொல்வார்கள். குழந்தைகளோடு பயணம் போனவர்களுக்குத் தெரியும், வேகம் இருக்காது.

பனியன் பற்று எழுதிவிட்டார். ஆறு வருஷம் தாமதம். பரவாயில்லை.

*

இப்போது நம்ம கிருஷ்ணபிள்ளை. அவர் காப்பியமாக்கியது முதல் பாகத்தை.

தமிழ் செய்ய வேண்டியதையெல்லாம் செய்திருக்கிறது, அதில் சந்தேகமே வேண்டாம். கம்பனை மனப்பாடமாக வைத்திருந்தவரின் விருத்தம். நடுவில் பதிகம் பாடும் முறையில் தேவாரங்கள். இயேசுவின் பாடுகளைச் சொல்லுமிடத்தில் ஆழ்வார்களின் உருக்கம் எட்டிப் பார்க்கிறது. மதம் மாறினாலும் நாக்கு மாறவில்லை. வருஷக்கணக்கில் எழுதி, 1894ல் புத்தகமாக வந்தது. 1900ல் காலமானார். ஓர் ஆயுள் உழைப்பு.

ஆனால் நீங்கள் கோபித்துக்கொண்டாலும் சொல்லத்தான் வேண்டும். பாத்திரம் அடைக்கிறவரின் பேச்சு, கவிராயரின் சபைக்கு வந்ததும் பட்டுப் பீதாம்பரம் கட்டிக்கொண்டுவிட்டது. பனியனில் சேறு என்றால் சேறு, கால் வைத்தால் நாறும். விருத்தத்தில் வந்த சேற்றில் தாமரை பூத்துவிடுகிறது. படிக்க அழகு. வழுக்கி விழ முடியாது. ஒரு பதினெட்டு வயதுப் பையனுக்கு அன்றும் இன்றும் அந்தப் புத்தகத்துக்குள் நுழைய ஒரு தமிழ் வாத்தியாரின் துணை தேவைப்படுகிறது. இங்கிலாந்தில் மூலநூலை வேலைக்காரர்களும் சிறுவர்களும் படித்தார்கள்.

இரண்டாவது குறை இதைவிடப் பெரியது. முப்பத்தோரு வயதில் மயிலாப்பூரில் தனியாகப் போய் நின்றவருக்கு, காதில் விரல் வைத்துக்கொண்டு ஓடுவது எப்படிப்பட்டது என்று தமிழ்நாட்டில் வேறு யாரையும்விட நன்றாகத் தெரிந்திருக்கும். தான் மனம் மாறிய கதையைத் தனியாக உரைநடையில் எழுதியும் வைத்தார். குடும்பத்தாரும் பிற்பாடு வந்து சேர்ந்தார்கள். காப்பியத்தில் அந்த அனுபவத்தின் சூடு எனக்குப் படவில்லை. சொந்தமாக ஒரு இரண்டாம் பாகம் எழுதக் கையில் சரக்கு வைத்திருந்தவர், எழுதாமல் போய்விட்டார். நமக்கு ஒரு மார்க் கேள்விதான் மிஞ்சியது.

*

பனியனில் எனக்கு மிகவும் பிடித்த ஆள் கதாநாயகன் இல்லை. அவன் கூடவே கொஞ்ச தூரம் வருகிற பக்கத்து வீட்டுக்காரன். இளகிய மனசு. கதாநாயகன் போகிற ஊரைப் பற்றிச் சொல்லச் சொல்ல இவனுக்கு உற்சாகம் தாங்கவில்லை. ‘நானும் வரேன்’ என்று கிளம்பிவிடுகிறான். வேகமாக நட, வேகமாக நட என்று அவனையே விரட்டுகிறான். இரண்டு பேரும் சேற்றில் விழுகிறார்கள். உடனே இவன் கேட்கிற கேள்வி: நீ சொன்ன சுகம் இதுதானா? அடித்துப் பிடித்து எழுந்து, தன் வீட்டுப் பக்கம் இருக்கிற கரையில் ஏறி, வீட்டுக்குப் போய்விடுகிறான்.

‘நீ சொன்னாய் என்றுதான் வந்தேன்.’ இந்த வாக்கியத்தை உங்கள் வீட்டில் கேட்டிருக்கிறீர்களா இல்லையா?

எதிர் ஃபிளாட் மாமா சொன்னார் என்று இன்ஜினீயரிங். ஃப்ரெண்டு சேர்ந்தான் என்று சி.ஏ. இந்த ஆழ்வார்பேட்டை, மயிலாப்பூர் பக்கம் தடுக்கி விழுந்தால் ஆடிட்டர் ஆபீஸ். ஒவ்வொன்றிலும் ஆர்ட்டிகிள்ஷிப் செய்கிற பையன்கள், பெண்கள். டீக்கடையில் நின்று கேளுங்கள். ‘அப்பா சேர்த்துவிட்டார்’ என்பார்கள். பாஸானால் ‘நான் பாஸாயிட்டேன்.’ ஃபெயிலானால் ‘எனக்கு அப்பவே இஷ்டமில்லை.’ வரவு என் கணக்கு, பற்று அப்பா கணக்கு.

பக்தியுள்ள வீட்டில் இதற்கு இன்னொரு வசதி உண்டு. கிறித்தவ வீட்டில் ‘தேவ சித்தம்’. இந்து வீட்டில் ‘ஜாதகத்தில் அப்படி’. முஸ்லிம் வீட்டில் ‘நாடினால்’. இந்தச் சொற்களை நான் கேலி செய்யவில்லை. பிள்ளையை இழந்த தாய் ‘தேவ சித்தம்’ என்று சொல்லும்போது அந்தச் சொல் ஓர் உயிரைத் தாங்கிப் பிடிக்கிறது. இருபத்துநாலு வயசுப் பையன், மூன்று வருஷம் பேசிப் பழகிய பெண்ணிடம், வீட்டில் வேறு இடம் பார்த்தபிறகு, ‘ஜெபம் பண்ணினேன், கர்த்தர் வேண்டாம்னு சொல்லிட்டார்’ என்று சொல்லும்போது அது வேறு வேலை செய்கிறது. பாவம் கர்த்தர். வரதட்சணைப் பேச்சுவார்த்தையில் அவர் கலந்துகொண்டதாக யாரும் சொல்வதில்லை, முறித்துவிட்ட பழி மட்டும் அவருக்கு.

பனியன் ‘கடவுள் என்னைச் சிறையில் வைத்தார்’ என்று சொல்லியிருக்கலாம். சிறைக் கதவின் சாவி தன் வாயில்தான் இருக்கிறது, தானே திறக்காமல் இருக்கிறோம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கண் தெரியாத மகளை நினைத்து அவர் பட்ட பாட்டை 1666ல் வந்த தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். அந்தப் பக்கங்களைப் படித்தவர்கள் தேவ சித்தம் என்ற சொல்லைச் சற்று யோசித்துத்தான் வாயில் எடுப்பார்கள்.

*

எந்த வயசில் ஒருவன் தன் முடிவுக்குத் தானே பொறுப்பு?

சென்னையில் இந்தக் கேள்வி அடிதடி வரைக்கும் போயிருக்கிறது. ஸ்காட்லாந்திலிருந்து வந்த ஜான் ஆண்டர்சன் பாதிரியார் 1837ல் ஒரு பள்ளி தொடங்கினார். பிற்பாடு சென்னை கிறித்தவக் கல்லூரி ஆனது அதுதான். இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கிறார் என்று மேல்சாதி வீட்டுப் பையன்கள் வரிசையில் நின்றார்கள். 1841 ஜூனில் ராஜகோபால், வெங்கடராமையா என்று இரண்டு மாணவர்கள் ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டார்கள். ஊரே கொந்தளித்தது. நூற்றுக்கணக்கில் இருந்த பள்ளியிலிருந்து பிள்ளைகளைக் கூட்டம் கூட்டமாக நிறுத்திக்கொண்டார்கள். ‘அறியாப் பிள்ளைகளை மயக்கிவிட்டார்கள்’ என்று பெற்றோர் சொன்னார்கள். ‘விவரம் தெரிந்துதான் வந்தார்கள்’ என்று பாதிரியார் சொன்னார்.

1843ல் பம்பாயில் இதைவிட மோசம். நாராயண சேஷாத்ரி என்ற இளைஞர் கிறித்தவரானார். அவருடைய தம்பி ஸ்ரீபாத், பன்னிரண்டு வயசு வாக்கில் இருந்தவன், அண்ணன் பின்னாலேயே மிஷன் வீட்டுக்குப் போய்விட்டான். தகப்பனார் கோர்ட்டுக்குப் போனார். மைனர் என்று சொல்லி நீதிபதி பெர்ரி அவனைத் தகப்பனிடம் ஒப்படைத்தார். கதை அங்கே முடியவில்லை. மிஷனரி வீட்டில் சாப்பிட்ட பையனைத் திரும்ப ஜாதியில் சேர்க்கலாமா கூடாதா என்று பம்பாய் பிராமணர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போட்டார்கள். பாதிரி பேசினார், தகப்பன் பேசினார், ஜட்ஜ் பேசினார், சாஸ்திரிகள் பேசினார்கள். பையன் சாப்பிட்டானா தூங்கினானா என்று கவலைப்பட ஆள் இருந்ததா, தெரியவில்லை.

வயசு என்றதும் பி.காம். பாடத்தில் மெர்கன்டைல் லா ஞாபகம் வருகிறது. 1872ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம், பதினோராவது பிரிவு. மேஜராக இருக்கவேண்டும், புத்தி சுவாதீனம் வேண்டும். படித்தவர்கள் மோஹரி பீபி வழக்கை மறந்திருக்கமாட்டீர்கள். தர்மதாஸ் கோஷ் என்கிற மைனர் இருபதாயிரம் ரூபாய்க்குச் சொத்தை அடமானம் வைத்தான். ஒப்பந்தமே செல்லாது என்று 1903ல் லண்டன் பிரிவி கவுன்சில் சொல்லிவிட்டது. கடன் கொடுத்த கட்சிக்காரர் கையைப் பிசைந்துகொண்டு போனார். இன்னொரு விஷயமும் உண்டு. மைனராக இருந்தபோது போட்ட ஒப்பந்தத்தை மேஜரான பிறகு ‘ஆமாம், சம்மதம்’ என்று உறுதிப்படுத்தவும் முடியாது. செத்தது செத்ததுதான். வேண்டுமானால் புதிதாகப் போட்டுக்கொள்.

சபைகள் இதற்கு நேர்மாறாக ஒரு காரியம் செய்கின்றன. எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். கைக்குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்போது அதன் சார்பில் ஞானத்தகப்பனும் ஞானத்தாயும் வாக்குக் கொடுக்கிறார்கள். குழந்தை வீல் வீலென்று கத்துகிறது. சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். பதினாலு, பதினாறு வயசில் திடப்படுத்தல் என்று ஒரு ஆராதனை. கத்தோலிக்கர்கள் உறுதிப்பூசுதல் என்பார்கள். உனக்காக அன்று சொன்னதை இன்று நீயே ஏற்றுக்கொள்கிறாயா? ஏற்றுக்கொள்கிறேன். கோர்ட் முடியாது என்று சொல்கிற உறுதிப்படுத்தல், கோயிலில் நடக்கிறது. பெந்தெகொஸ்தேக்காரர்கள் இதையும் ஒப்புக்கொள்வதில்லை. குழந்தைக்கு எதற்கு, விவரம் வந்தபிறகு அவனே கேட்டு வரட்டும், முழுக்குக் கொடுக்கிறோம் என்கிறார்கள். சட்டப்படி பார்த்தால் அவர்கள் கட்சி பலமானது.

காகிதத்தில் இவ்வளவு அருமையான ஏற்பாடு. நடைமுறையில்? வெள்ளை டிரெஸ், தலையில் முக்காடு, பிஷப்போடு போட்டோ, மத்தியானம் பிரியாணி. ஏற்றுக்கொள்கிறாயா என்று கேட்கும்போது அந்தப் பெண் ‘இல்லை, எனக்கு ஒரு வருஷம் யோசிக்கணும்’ என்று சொன்னால் பிரியாணியை யார் சாப்பிடுவது? உபநயனத்திலும் இதே கதைதான். சரி என்று மட்டுமே பதில் சொல்ல முடிகிற கேள்வி, கேள்வி இல்லை. ஆனாலும் அந்த வயசுப் பிள்ளையிடம் கேட்கவேண்டும் என்று தோன்றியதே, அதற்கு மரியாதை கொடுக்கலாம். நம் வீடுகளில் வேறு எதற்குத்தான் கேட்கிறோம்?

வயசானால் மட்டும் கேட்டுவிடுகிறார்களா? சேலத்தில் ஹோமியோபதி படித்த ஹாதியாவுக்கு 24 வயசு. அவர் இஸ்லாத்துக்கு மாறிச் செய்துகொண்ட கல்யாணத்தை 2017ல் கேரள உயர்நீதிமன்றம் ரத்து செய்து, பெற்றோர் வீட்டுக்கு அனுப்பியது. உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சில் அதைத் தள்ளுபடி செய்தது. பம்பாய்ப் பையனுக்கு 12. இவருக்கு அதைப்போல இரண்டு மடங்கு. கோர்ட் முன்னால் இரண்டு பேரும் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் நிறுத்தப்பட்டார்கள்.

*

கிருஷ்ணபிள்ளை எழுதாமல் விட்ட இரண்டாம் பாகத்தை, அவர் உயிரோடு இருந்தபோதே, அவருக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு பெண் சென்னையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். இங்கிலீஷில். அதற்காக மன்னித்துவிடலாம்.

கிருபாபாய். 1862ல் அகமத்நகரில் பிறந்த மராத்திப் பெண். அப்பா அம்மா பிராமணர்களாக இருந்து கிறித்தவர்களானவர்கள். 1875லேயே சென்னை மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்த்துக்கொள்ளத் தொடங்கியிருந்தது. இந்தப் பெண்ணுக்கு இங்கிலாந்து போய்ப் படிக்க உதவி கிடைத்தது. உடம்பு தாங்காது என்று டாக்டர்கள் தடுத்தார்கள். சரி, சென்னைக்காவது போகிறேன் என்று 1878ல் வந்து சேர்ந்தாள். பதினாறு வயசு! சத்தியநாதன் பாதிரியார் வீட்டில் தங்கிப் படித்தாள். முதல் வருஷம் பரிசுகள் வாங்கிக் குவித்தாள். அடுத்த வருஷம் உடம்பு படுத்துவிட்டது. படிப்பு போயிற்று. பிற்பாடு பாதிரியாரின் மகன் சாமுவேலையே கல்யாணம் செய்துகொண்டாள். ஒரே குழந்தை, முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை. காசநோய். 1894ல் போய்ச் சேர்ந்தாள். முப்பத்திரண்டு வயசு.

இதற்கு நடுவில் ‘சகுணா’ என்ற நாவல். 1887-88ல் சென்னை கிறித்தவக் கல்லூரிப் பத்திரிகையில் தொடராக வந்தது. ஆண்டர்சனின் பள்ளி இருக்கிறதே, அதே கல்லூரி. பெயரை மாற்றி எழுதிய சொந்தக் கதைதான்.

நாவலின் ஆரம்பத்தில் சகுணா இல்லை. அவளுடைய அம்மா ராதாவும் அப்பா ஹரிசந்திராவும்தான். அப்பா யோசித்து, வாதாடி, உறக்கமில்லாமல் அலைந்து, கிறித்தவராகிறார். இந்த மாதிரி அப்பாக்களை ஆயிரம் மிஷன் புத்தகங்களில் பார்த்துவிட்டோம். கிருபாபாய் கேமராவைத் திருப்பி அம்மா பக்கம் வைக்கிறார். குழந்தையாகவே கல்யாணம் ஆனவள். மாமியார் வீட்டு வேலை, பண்டிகை, கோலம், பூஜை, இதுதான் உலகம். ஒரு நாள் புருஷன் வேறு ஆளாக வந்து நிற்கிறான். அவள் விரும்பிப் போகவில்லை. பிய்த்து எடுக்கப்பட்டுப் போகிறாள். போன இடத்திலும் தன் ஆசாரத்தைப் பிடித்துக்கொண்டு தள்ளியே இருக்கிறாள். மெல்ல மெல்லத்தான் மனம் மாறுகிறாள். எழுதுகிறவள் நம்பிக்கையுள்ள கிறித்தவப் பெண். அப்பா எடுத்த முடிவு சரி என்றுதான் நினைக்கிறாள். ஆனாலும் அம்மா அழுத அழுகையை ஒரு சொட்டு விடாமல் எழுதியிருக்கிறாள். அந்த முடிவினால்தான் தான் படிக்க முடிந்தது, அந்த முடிவினால்தான் அம்மாவின் வாழ்க்கை பாதியில் அறுந்தது என்று இரண்டும் அவளுக்குத் தெரியும்.

சர்க்காருக்கும் இந்தச் சிக்கல் தெரிந்துதான் இருந்தது. மதம் மாறினால் சொத்துரிமை போகாது என்று 1850ல் ஒரு சட்டம். மதம் மாறியவரோடு வாழ மறுக்கிற துணையை என்ன செய்வது என்பதற்கு 1866ல் இன்னொரு சட்டம். கோர்ட் விசாரித்து, ஒரு வருஷம் அவகாசம் கொடுத்து, அப்போதும் வராவிட்டால் விவாகரத்து. ராதாவைப் போன்ற பெண்களுக்குச் சட்டம் அளித்த இடம் அந்த ஒரு வருஷம். கிருபாபாய் பல அத்தியாயங்கள் அளித்தார்.

குறை இல்லாமல் இல்லை. சகுணா வளர்ந்தபிறகு வருகிற உரையாடல்கள் பிரசங்க மேடையிலிருந்து இறங்கி வந்தமாதிரி இருக்கின்றன. அண்ணன் பாஸ்கர் வருகிற பக்கங்கள் அற்புதம். அவன் செத்தபிறகு நாவலுக்கும் கொஞ்சம் மூச்சு வாங்குகிறது. இங்கிலீஷ்காரர்களைக் கண்டால் ஒரு இடத்தில் கோபம், இன்னொரு இடத்தில் பிரமிப்பு, அதை அவர் சரிபார்க்கவே இல்லை. முடிவு கல்யாணத்தில் கொண்டுபோய் விடுகிறது. மெடிக்கல் காலேஜ் கனவு உடைந்ததைப் பற்றி இன்னும் பத்துப் பக்கம் எழுதியிருக்கலாம், ஓடிவிடுகிறார். வலித்திருக்கும்.

ஆனால் ஒரு விஷயம். இந்தப் பெண் ‘எனக்குப் படிக்கவேண்டும்’ என்று சொல்கிறாள். தன் காலில் நிற்கவேண்டும், தன்னைப் போன்ற பெண்களுக்கு உபயோகமாக இருக்கவேண்டும் என்று தன் வாயால் ஆசைப்படுகிறாள். நம்பிக்கை அவளுக்கு ஊன்றுகோல். அதன் பின்னால் ஒளிந்துகொள்ளவில்லை. உடம்பு கைவிட்டபோது பேனாவை எடுத்தாள்.

கடைசியாக எழுதியது ‘கமலா’. சாவதற்குச் சற்று முன்னால் முடித்தார். கமலா இந்துப் பெண், இளம் விதவை. மிஷன் பத்திரிகையில் எழுதிப் பழகிய கிறித்தவ எழுத்தாளர், கணவர் வீட்டில் மாமனாரே பாதிரியார். கமலாவைக் கடைசி அத்தியாயத்தில் ஞானஸ்நானத் தொட்டிக்குக் கொண்டுபோயிருப்பார் என்றுதான் யாரும் எதிர்பார்ப்போம். கொண்டுபோகவில்லை. அவளை விரும்புகிற ஒருவன் வந்து மறுமணம் செய்துகொள்ளக் கேட்கிறான். அவளுக்கும் அவனைப் பிடித்திருக்கிறது. வேண்டாம் என்கிறாள். எனக்கு அந்த முடிவில் சம்மதமில்லை. படித்த அன்று எரிச்சலாகக்கூட இருந்தது. இவ்வளவு கஷ்டப்பட்ட பெண்ணுக்கு நல்லது நடக்கக்கூடாதா? கிருபாபாய்க்கும் அது பிடித்த முடிவாக இருந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் கமலா அப்படிப்பட்டவள். அவள் சொன்னதை இவர் எழுதினார்.

சகுணா, கமலா இரண்டுமே 1890களிலேயே தமிழில் வந்துவிட்டன. 1998ல் ஆக்ஸ்ஃபோர்ட் அச்சகம் ஆங்கில மூலங்களை மறுபதிப்புச் செய்தது. பழைய புத்தகக் கடைகளில் தேடினால் அதிர்ஷ்டமிருந்தால் கிடைக்கும். கிடைத்தால் முதலில் ராதாவின் அத்தியாயங்களைப் படியுங்கள். இரட்சணிய யாத்திரிகம் வீட்டில் இருந்தால் அதையும் பக்கத்தில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பெண்ணோ பையனோ பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தால் எப்படியும் நாலு பாட்டு வீட்டில் இருக்கும்.